சோறு கொண்டுபோனவருக்கு ஒரு மன்னிப்பு: பேராக் மாநில மன்னிப்பு வாரியத்துக்குத் திறந்த மடல்

பேராக் மாநில மன்னிப்பு வாரியத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

என் தாத்தாவின் தம்பி 1952 நவம்பரில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் கேட்டில் பிடிபட்டார். கையில் இருந்த தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கொண்டுபோனார் என்று குற்றம் சாட்டி மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். சிறையிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே பினாங்குக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். 1970இல் அங்கேயே இறந்தார். அவர்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு மட்டும் இன்றுவரை சாகவில்லை. அவருக்கு முழு மன்னிப்பு வழங்கும்படி மாட்சிமை தங்கிய சுல்தான் அவர்களுக்கு நீங்கள் ஆலோசனை கூற வேண்டும் என்பதே எங்கள் குடும்பத்தின் வேண்டுகோள்.

முறையான மனு தனியே உங்களுக்கு வந்து சேரும். அவர் பெயர், வழக்கு எண், இணைப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே நான் பெயர் எதையும் எழுதவில்லை. அன்றைக்கு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவரின் பிள்ளைகளும் பேரன்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒன்றாக நிற்கிறோம். அவர்கள் மனம் நோகும்படி எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்படியானால் எல்லோரும் படிக்கும்படி மடல் எதற்கு என்று கேட்கலாம். இந்த வழக்கைப் போன்ற வேறு வழக்குகளும் தோட்டப்புறங்களில் இருந்தன. அந்தக் குடும்பங்கள் பேசாமலே ஒரு தலைமுறையைக் கடத்திவிட்டன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சின்னத் தாத்தா ஊருக்குப் போய்விட்டார் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

அவசரகாலம் எப்படி நடந்தது என்பதை இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தோட்டங்களை நடத்திய மூன்று ஐரோப்பியத் துரைமாரைக் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்கள் சுட்டுக் கொன்றனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 அன்றுதான் அது முடிந்தது. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. விசாரணையே இல்லாமல் தடுப்புக் காவல். நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு கேட்டும் பயனில்லை.

காட்டிலிருந்தவர்களுக்கு உணவும் உதவியும் போகாமல் தடுக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகளைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளையும், ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும். கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அதை அங்கேயே துளையிட்டுத் தர வேண்டும். துளையிட்ட டின்னைச் சேர்த்துவைக்க முடியாது, காட்டுக்கும் அனுப்ப முடியாது என்பது கணக்கு. அப்படியும் சைக்கிள் குழாய்க்குள் அரிசி நிரப்பிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டதால் கொடுத்தவர்களும், கொள்கையால் கொடுத்தவர்களும் இருந்தார்கள். காட்டிலிருந்து வந்தவர்களின் கையால் கணவனையும் மகனையும் இழந்த தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. ஒருவரை நிரபராதி என்று சொல்வதற்காக அந்தக் காலத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை.

ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்போம். மரம் வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலைதான் பிழைப்பு. மரத்தின் உள்ளழுத்தம் இரவில் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அது குறைந்து பால் ஓட்டம் மந்தமாகும். இருட்டோடு பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, வெளிச்சம் வரும் முன்பே தனக்குரிய மர நிரையில் உளியை வைத்தால்தான் பால் வடியும் மங்கு நிறையும். வேலி வந்த பிறகு கேட்டைத் திறப்பதும் ஆளை ஆளாகச் சோதிப்பதும் காவலர் கையில் போயிற்று. பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்களுக்குத் தனி வரிசை. வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், சேலை முந்தியை உதறிக் காட்ட வேண்டும், தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அதற்குள் பொழுது ஏறிவிடும். பால் எடை குறைந்தால் சம்பளம் குறையும். அரசாங்கம் போட்ட வேலிக்குத் தொழிலாளி தண்டம் கட்டினான் என்பதே இதன் பொருள்.

இதைத்தான் சின்னத் தாத்தா எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்க நன்றாக வரும், தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். லயத்து ஆட்கள் சேர்ந்து அவரையும் இன்னும் சிலரையும் பேச அனுப்பினார்கள். கேட்டை முன்னதாகத் திறக்க வேண்டும், சோதனையில் நிற்கும் நேரத்துக்காகச் சம்பளம் குறையக் கூடாது. இரண்டே கோரிக்கைகள். துரையிடம் மனு போன சில வாரங்களில் அவர் கேட்டில் பிடிபட்டார். மனுவுக்கும் கைதுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது, மனுவிலும் அப்படி எழுதவில்லை. ஆனால் அவர் போன பிறகு கேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது மட்டும் தெரியும்.

தோட்டத்தில் தலைநிமிர்ந்தவனைக் கப்பலேற்றுவது 1952இல் புதிதாக வந்த வழக்கமும் அன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண் தொழிலாளர்கள்மேல் கை வைப்பதை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். துரையோ தோட்டக் கணக்கரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பதிலாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இனி வழக்கு. தீர்ப்பின் நகல் எங்களிடம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம்தான். ஒரு மனிதரின் மீதி வாழ்க்கையை எடுத்துக்கொள்ள அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. அவருக்கு வழக்கறிஞர் இல்லை. அவர் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அரசுத் தரப்பில் கேட்டில் நின்ற காவலர் ஒருவரே முக்கியச் சாட்சி. அரை நாளில் எல்லாம் முடிந்தது.

சோறு கொண்டுபோனதை அவர் மறுக்கவில்லை, நாங்களும் மறுக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்போதிருந்த உத்தரவின்படி ஆளுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோகலாம். அவர் தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்கான சோறு இருந்தது. ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு என் மனைவிக்கு, அவள் பெண்கள் வரிசையில் முன்னே போய்விட்டாள், ஏழு மாதம் ஆகிறது, வாளியோடு தூக்குச்சட்டியையும் சுமக்க வேண்டாம் என்று நான் வாங்கிக்கொண்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்த்தால், அவள் பங்கை இவர் சுமந்தது ஒன்றே மீறல். அபராதத்தோடு போயிருக்க வேண்டியது.

நீதிமன்றம் அதை நம்பவில்லை. நம்பாததற்குத் தீர்ப்பில் எழுதியிருக்கும் காரணம் ஒன்றுதான்: ஏழு மாதக் கர்ப்பிணி அன்று வேலைக்குப் போயிருப்பாள் என்பது நம்பத்தக்கதாக இல்லை. ஆகவே அவள் வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும், ஆகவே அந்த இரண்டாவது பங்குச் சோறு வேறு யாருக்கோ போகிறது, தோட்டத்தின் எல்லையில் காடு இருக்கிறது, காட்டில் பயங்கரவாதிகள் இருக்கிறார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அந்த ஒரு வரி.

உறுப்பினர்களே, இந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தோட்டத்தில் பிறந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஏழாம் மாதத்தில் மரம் வெட்டாத பெண் எந்த லயத்தில் இருந்தாள்? வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் வாளி சுமந்தவர்கள் எங்கள் பாட்டிமார். வலி வரும் வரை பெரட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. அந்த வாழ்க்கையை ஒரு நாளும் எட்டிப் பார்க்காத ஒருவர், தம் வீட்டுப் பெண்களைப் போலவே தோட்டத்துப் பெண்ணும் இருப்பாள் என்று எண்ணித் தீர்ப்பு எழுதிவிட்டார். சின்னத் தாத்தாவின் மனைவியைக் கூப்பிட்டு, நீ அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சின்னப் பாட்டி அன்றைக்கு நீதிமன்றத்தின் வெளியே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார் என்று என் தாத்தா சொல்லியிருக்கிறார்.

கேட்க வேண்டிய இன்னொரு சாட்சியும் இருந்தது. அது ஒரு புத்தகம். யார் வேலைக்கு வந்தார், எந்த நிரை, எவ்வளவு பால் என்று கிராணி அன்றாடம் எழுதும் செக்ரோல். அதை அரசுத் தரப்பு கேட்கவில்லை, தோட்ட நிர்வாகமும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியபோது ஆபீஸில் இருந்த பழைய புத்தகங்களைக் கொட்டி எரித்தார்கள். ஆனால் அங்கே கிராணியாக இருந்த ஒருவர் சில புத்தகங்களை எடுத்து வீட்டில் வைத்திருந்தார். குடியுரிமைக்கு மனு செய்கிறவர்கள் இத்தனை ஆண்டு இந்த மண்ணில் வேலை செய்தோம் என்று காட்ட அவை உதவும் என்று அவர் எண்ணியிருக்கிறார். எத்தனையோ பேருக்கு உதவியும் இருக்கின்றன. அவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் 1952ஆம் ஆண்டுப் புத்தகத்தை எங்களிடம் காட்டினார்கள். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

அவர் பிடிபட்ட நாளில் அவருடைய பெயருக்கு நேரே வேலைக்கு வரவில்லை என்று குறித்திருக்கிறது. இரண்டு வரி கீழே சின்னப் பாட்டியின் பெயர். வந்திருக்கிறார். அவருடைய நிரைக்கு அடுத்த நிரை. எத்தனை பவுண்டு பால் கொண்டுவந்தார் என்ற எண்ணும் இருக்கிறது. அவர்களுடைய மகள், என் அத்தை, 1953 ஜனவரியில் பிறந்தார். பிறப்புப் பத்திரமும் மனுவில் இணைக்கப்பட்டுள்ளது. கர்ப்பிணி வேலைக்குப் போயிருக்க மாட்டாள் என்று நீதிமன்றம் எண்ணியது தவறு என்பதை இந்த இரண்டு தாள்களும் சேர்ந்து காட்டுகின்றன. முதல் கண்ணி அறுந்தால் மற்றவை எதில் தொங்கும்?

அந்தக் காலத்து நீதிமன்றங்கள் தவறு செய்திருக்கின்றன என்பதை மேலே இருந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டதுண்டு. ஜொகூரில் துப்பாக்கி வைத்திருந்ததாக மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்பவரின் வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் அங்கே தண்டனையை ரத்து செய்தார்கள். அதை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். லண்டன் வரை போன வழக்கு பிழைத்தது. சுங்கை சிப்புட்டைத் தாண்டி வழி தெரியாதவர்களுடைய வழக்குகள் அப்படியே புதைந்தன.

உங்களுக்கு எழுதுவதற்கு முக்கியமான காரணம் பேராக்கிலேயே இருக்கிறது. லீ மெங் என்ற சீனப் பெண், கையெறி குண்டு வைத்திருந்ததாக 1952இல் ஈப்போவில் விசாரிக்கப்பட்டார். முதல் விசாரணையில், நீதிபதியோடு அமர்ந்து கருத்துச் சொல்லும் அசெசர்கள் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் மரண தண்டனை. பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. 1953இல் பேராக் சுல்தான் யூசுப் இசுடின் ஷா அவர்கள் அந்தத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து அவர் உயிரைக் காப்பாற்றினார். சின்னத் தாத்தா சிறையில் இருந்த அதே ஆண்டு, அதே மாநிலம். பிரிட்டிஷ் அதிகாரம் உச்சத்தில் இருந்தபோதும் கருணை காட்டும் உரிமை இந்த அரியணையிடம் இருந்தது. அது வெள்ளைக்காரன் செய்த தவறு, நாம் ஏன் திருத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த உரிமை 1957இல் மறையவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆவது விதியில் அப்படியே இருக்கிறது.

அந்த விதியை நான் சட்டம் படித்தவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ராணுவ நீதிமன்ற வழக்குகளும் கூட்டரசுப் பிரதேசங்களில் நடந்த குற்றங்களும் மாமன்னரின் பொறுப்பு. மாநிலத்துக்குள் நடந்த மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் அந்த மாநில ஆட்சியாளருக்கு. சட்டத்துறைத் தலைவர், மாநில முதல்வரான மந்திரி புசார், இன்னும் மூவர் வரை வாரியத்தில் இருப்பார்கள், சுல்தான் அவர்கள் தலைமை தாங்குவார். சட்டத்துறைத் தலைவர் எழுத்தில் கருத்துத் தந்திருந்தால் வாரியம் அதைப் பரிசீலிக்க வேண்டும். மன்னிப்புப் பெறுபவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. எந்த ஆண்டுக்குப் பிந்திய குற்றம் என்ற வரம்பும் இல்லை.

இறந்தவருக்கு மன்னிப்பு என்பது நம்மைப் போன்ற சட்ட மரபுள்ள நாடுகளில் பழகிய ஒன்றுதான். தன் குழந்தையைக் கொன்றதாக லண்டனில் 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமொதி எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு கிடைத்தது. முதல் உலகப் போரில் கோழைகள் என்றும் ஓடிப்போனவர்கள் என்றும் சொல்லித் தம் பட்டாளமே சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு 2006இல் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கினார்கள். அங்கே பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்க 1997 முதல் தனி ஆணையமே இயங்குகிறது. நம் நாட்டில் அப்படி ஓர் ஆணையம் இல்லை. ஆகவே எங்களுக்கு வேறு கதவு கிடையாது. லண்டன் கதவு எப்படிப்பட்டது என்பதையும் பார்த்துவிட்டோம். சிலாங்கூரின் பத்தாங்காலியில் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் பட்டாளம் 24 பேரைச் சுட்டுக் கொன்றதைப் பொது விசாரணை செய்யுங்கள் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டுப் போராடின. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் அதற்கு உத்தரவிட மறுத்துவிட்டது.

இன்னொன்றையும் எடைபோட்டுப் பார்க்கும்படி கேட்கிறேன். என் மனத்தில் இதுவே எல்லாவற்றிலும் கனமானது. 1955 செப்டம்பரில் துங்கு அப்துல் ரகுமானின் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. காட்டிலிருந்து துப்பாக்கியோடு வெளியே வந்து சரணடைந்தாலும், அதுவரை செய்ததற்காக வழக்குத் தொடுக்க மாட்டோம் என்றார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் சின்னத் தாத்தாவைக் கப்பலேற்றினார்கள். 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாயில் மலேசிய அரசாங்கமும் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியும் உடன்படிக்கை செய்துகொண்டன. நாற்பது ஆண்டு ஆயுதம் ஏந்தியவர்களில் பலர் அதன்படி திரும்பி வந்து இங்கே குடியேறினார்கள். அந்தச் சமாதானத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன், நாட்டுக்கு நல்லது செய்த முடிவு அது. ஆனால் துப்பாக்கி தூக்கியவருக்கு இரண்டு முறை திறந்த வாசல், மனைவிக்குச் சோறு தூக்கியவருக்கு ஒரு முறைகூடத் திறக்கவில்லை. சரணடைய அவரிடம் துப்பாக்கி இல்லை. உடன்படிக்கை செய்ய அவருக்குக் கட்சி இல்லை. பொதுமன்னிப்புக்குள் நுழையும் அளவுக்குக்கூட அவர் குற்றம் செய்திருக்கவில்லை.

நாடு கடத்தல் உத்தரவு நீதிமன்றம் போட்டதில்லை, நிர்வாகம் போட்டது. மன்னிப்பு அதைத் தொடாது என்பதை அறிவோம். 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிகள் தோட்டத்துத் தமிழர் பலரை வெளியே நிறுத்தியிருந்தன. சின்னத் தாத்தா கைக்குழந்தையாக இங்கே வந்தவர். நாகப்பட்டினம் அவருக்குத் தெரியாத ஊர். குடியுரிமை இல்லாததால்தான் அவரை அனுப்ப முடிந்தது. சின்னப் பாட்டி பின்னாலேயே போகவில்லை. 1953 முதல் குடிநுழைவு விதிகள் இறுகியிருந்தன, போனால் திரும்ப முடியாதோ என்று பயந்தார். கையில் குழந்தை, லயத்தில் நோய்ப்பட்ட தாய். கப்பல் ஏறும் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பினாங்குத் துறைமுகம் வரை போய்க் காட்டினார். அத்தைக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஒன்றும் நினைவில்லை என்கிறார்.

அத்தை மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவர். படிப்பில் கெட்டி. பிறகு ஓர் அரசு வேலைக்கு எழுதிப் போட்டார், தேர்விலும் தேறினார். குடும்பத்தில் யாரேனும் தண்டனை பெற்றிருக்கிறார்களா என்ற கேள்விக்கு உண்மையை எழுதினார். வேலை வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தார். பயங்கரவாதி மகள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களின் பிள்ளைகளையும் அவர்தான் தூக்கி வளர்த்தார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, இதயக் கோளாறு இருக்கிறது. இழப்பீடு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பா குற்றம் செய்யவில்லை என்று அரண்மனை முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும், அதை நாகப்பட்டினத்தில் அவருடைய சகோதரி வழிப் பேரப்பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறார்.

சட்டம் அறிந்த நண்பர் ஒருவர் என்னை எச்சரித்தார். மன்னிப்பு என்றாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும், ஏன் அதைக் கேட்கிறாய் என்றார். எங்கள் குடும்பத்துக்குள்ளும் இந்தக் கேள்வி எழுந்தது, சூடாகவே பேசினோம். தீர்ப்பை ரத்து செய்யும் வழி இருந்தால் அதைத்தான் கேட்டிருப்போம். ஆனால் மேல்முறையீட்டுக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது, முறையீடு செய்ய வேண்டியவர் உயிரோடு இல்லை. ஆகவே மன்னிப்பாணையில், தவறான அனுமானத்தின்மேல் எழுந்த தண்டனை என்பதற்காக வழங்கப்படுகிறது என்று ஒரு வாசகம் சேர்க்கும்படி மனுவில் கேட்டிருக்கிறோம். காரணம் சொல்லாமல் வழங்குவதுதான் வழக்கம் என்றால், இந்த ஒரு முறை அந்த வழக்கத்தைத் தளர்த்துங்கள். காரணம் இல்லாத மன்னிப்பு அத்தையின் கையில் பாதித் தாளாகத்தான் இருக்கும்.

ஒருவருக்குக் கொடுத்தால் வரிசையாக வருவார்களே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். வரட்டும். வந்தால் நல்லது. ஆனால் எத்தனை பேரால் வர முடியும் என்றும் எண்ணிப் பாருங்கள். விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களுக்குக் குற்றத் தீர்ப்பே இல்லை, அவர்களுக்கு மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. தீர்ப்புப் பெற்றவர்களின் தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, புத்தகங்கள் எரிந்தன, ஆட்கள் பட்டணத்துக்குச் சிதறிப் போனார்கள். கையில் தாளோடு வரக்கூடிய குடும்பங்கள் மிகக் குறைவு. எங்களுக்கு ஒரு கிராணியின் அலமாரி உதவியது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் இதைப் படித்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் உள்ள எந்தத் தாளையும் எறியாதீர்கள்.

மனுவில் உள்ள தீர்ப்பு நகலும் செக்ரோலின் பக்கமும் உண்மையானவைதானா என்று நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் சோதிக்கலாம். புத்தகத்தை ஒப்படைக்க அந்தக் கிராணியின் குடும்பத்தார் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம், அத்தையின் உடல்நிலையை எண்ணியே இந்த அவசரம். முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். வாரியம் நேரில் கேட்க விரும்பினால் அத்தையை அரச நகரான கோலகங்சாருக்கு நானே அழைத்துவருவேன். அவர் மலாய் நன்றாகப் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, அவர் சொல்வதை அவரிடமிருந்தே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மனுதாரர் குடும்பத்தின் சார்பில்,
அன்னாருடைய அண்ணன் பேரன்
சுங்கை சிப்புட், பேராக்